பிறை பார்க்க நீ வர வேண்டும்

அப்பு,

உனக்கு ஸலாம். நீயும் உன்னோடு தங்கியிருப்பவர்களும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். அடுத்த வரியில் 'இங்கே நாங்கள் எல்லோரும் சுகம்' என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உன் கார்டு முந்தாநாள் வந்தது. தோல் மண்டியில் வேலை நெரிக்கிறது, முதலாளி லீவு தர மாட்டார், நோன்புப் பெருநாளுக்கு வர முடியாது, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பார்க்கலாம் என்று நாலே வரியில் முடித்திருந்தாய். அதை உன் அத்தாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். முன்பெல்லாம் உன் கார்டு வந்தால் தபால்காரர் கையிலிருந்தே வாங்கி, வாசலில் நின்றபடி இரண்டு தடவை படித்துவிட்டு, தனக்கு ஒன்றும் அக்கறை இல்லாதவர் மாதிரி "ஒம் மகன் எழுதிருக்கான், பாத்துக்க" என்று என் பக்கம் நீட்டுவார். இப்போது தபால்காரர் நீட்டினால் "உள்ள குடுங்க, கையெல்லாம் மண்ணு" என்கிறார். கை கழுவித் துடைத்த பிறகும் அதையேதான் சொல்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அத்தாவுக்குக் கண் தெரியவில்லை. இரண்டிலும் புரை விழுந்திருக்கிறது. ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. குரலை வைத்துத்தான் பெயர் சொல்கிறார். இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். சித்தையன்கோட்டையில் வேறு ஒரு ஆளுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாமல் இருந்தால் எனக்கென்ன என்று விட்டுவிடுவேன். ஆனால் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை உன் அத்தா பள்ளிவாசல் மாடியில் ஏறி மேற்கே பார்க்கப் போகிறார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் விரலை நீட்டி 'அந்தா தெரியுது' என்று சொல்லிவிட்டால் மறுநாள் பெருநாள். தெரியாத பிறையைத் தெரிந்தது என்று சொல்லி, ஒரு ஊரையே நோன்பு நாளில் சாப்பிட வைத்த பாவம் அவர் தலையில் வந்து விழும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். அவர் இப்போது தோட்டத்தில் இருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அவர் விரலை நீட்டினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவன் பார்த்திருக்கவே மாட்டான். ஆனாலும் "ஆமா, தெரியுது, அந்தா" என்பான். அவனைப் பார்த்து இன்னொருவன் சொல்வான். கண்ணை இடுக்கிக் கழுத்தை நீட்டி நாலு பேர் சொல்லி முடிப்பதற்குள் கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவில் ஓடும். சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்பது சட்டம். உன் அத்தா ஒருவர் சொன்னால் இருபது பேர் சாட்சிக்கு வருவார்கள். அவ்வளவு நம்பிக்கை அவர் கண் மேல். அந்த நம்பிக்கை சும்மா வந்ததும் இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெருநாள் பிறை பார்க்கும் மாலை, புதுச் சட்டை தைத்து வைத்திருந்த இளவட்டங்கள் எல்லாம் பன்றிமலை மேல் பிறை தெரிகிறது என்று கூச்சல் போட்டார்கள். உன் அத்தா ஒருவர் மட்டும், "அது மேகத்தோட வெளும்புப்பா. செத்த நேரம் பாருங்க, கலைஞ்சிரும்" என்றார். அவரைத் திட்டினார்கள். பெருநாளைக் கெடுக்கிறார் என்றார்கள். சொன்ன மாதிரியே அது கலைந்தது. திண்டுக்கல்லிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தவர்களும் அங்கே பிறை இல்லை என்றார்கள். அன்றைக்குப் பிறகுதான் ஊர் அவர் சொல்லுக்குக் காத்திருக்க ஆரம்பித்தது. அவர் 'தெரியுது' என்றதற்காக இல்லை, எல்லோரும் தெரிகிறது என்ற இடத்தில் 'இல்லை' என்றதற்காக.

அவருக்குப் பிறை வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோகும் விஷயம் இல்லை என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும் வானத்தைப் பார்ப்பார்கள். இவர் மாதா மாதம் பார்ப்பார். தலைப்பிறையைக் கண்ணால் கண்டு, ஒரு துஆ ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தால்தான் விதை தண்ணீருக்குள் போகும். காலையில் விதைப்பு. கத்தரி, பீர்க்கு, புடலை, அவரை என்று மண்ணுக்கு மேலே காய்ப்பதெல்லாம் நிலா வளரும்போது. முள்ளங்கி, கருணை, இஞ்சி என்று மண்ணுக்குள் இறங்குவதெல்லாம் நிலா முழுசாகிக் குறையத் தொடங்கிய பிறகு. பந்தலுக்கு மூங்கில் வெட்டுவது மாதக் கடைசி இருட்டில், அப்போதுதான் வண்டு துளைக்காது. இதையெல்லாம் அவரிடம் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டவன் மேல் கோபம் மட்டும் வரும். அடுத்த தோட்டத்து வேலுச்சாமியும் நிலா பார்த்துத்தான் விதைக்கிறார், ஆனால் அவருக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் எல்லாம் அதிலேயே அச்சடித்து இருக்கும். "ஏன் ராவுத்தரே, கழுத்து வலிக்க வானத்தப் பாக்குறீரு? நான் வீட்டுக்குள்ள ஒக்காந்தே சொல்றேனே" என்று வரப்பில் நின்று சீண்டுவார். உன் அத்தாவும் விட மாட்டார். "எழுதி வச்ச நெலா எனக்கு வேணாம்யா. கண்ணால பாத்த நெலாதான் கணக்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பெருமையாகச் சொல்வார் என்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். அதுவே இன்றைக்கு அவர் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது.

நிலாவுக்கும் செடிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதே. நான் பின்கட்டில் கொத்தமல்லியும் புதினாவும் மனதுக்குத் தோன்றிய நாளில்தான் போடுகிறேன். அமாவாசையிலும் போட்டிருக்கிறேன், பௌர்ணமியிலும் போட்டிருக்கிறேன். உன் அத்தா அதைத்தான் ரசத்தில் வாசனையாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த நிலா இந்த மனிதரை ஒரு ஒழுங்கில் வைத்திருந்தது என்பதுதான். கோபக்காரர், அவசரக்காரர். நினைத்ததை நினைத்த நிமிஷத்தில் செய்ய வேண்டும் அவருக்கு. அப்படிப்பட்டவரை 'பொறு, இன்னும் நாள் வரவில்லை' என்று நிறுத்தி வைக்க என்னால் முடிந்ததில்லை. நிலாவால் முடிந்தது. அதனால் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

உனக்கு அந்த மரியாதை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மோட்டார் வைத்த வருஷம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கமலை மாடுகளை விற்றுவிட்டுக் கரண்டு மோட்டார் போட்டதே உன் பிடிவாதத்தால்தான். அவர் அதற்குச் சம்மதித்தார், ஞாபகம் வைத்துக்கொள். பிறகு நீ திண்டுக்கல் விவசாய டிப்போவில் தக்காளி விதைப் பொட்டலம் வாங்கி வந்து தேய்பிறையில் நாற்று விடப் போனாய். பிறை தெரியட்டும், பத்து நாள் போகட்டும் என்றார். நீ, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், வேலுச்சாமி, மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "நெலாவுக்கும் தக்காளிக்கும் என்னத்தா இருக்கு? நெலா பாக்குறது ஒங்களுக்கு ஒரு பெரும. அம்புட்டுத்தான்" என்றாய். அவர் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நீ விதைத்தாய், நன்றாகவே முளைத்தது, நன்றாகவே காய்த்தது. அந்தத் தக்காளியை அவரே கூடையில் பறித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு நீ மெட்ராஸ் போய்விட்டாய். நீ சொன்னது பொய் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. ஒரு உண்மையை எங்கே நின்று சொல்கிறோம் என்பது இருக்கிறது, அப்பு. தனியாக, சாப்பிடும்போது சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், தட்டைத் தள்ளியிருப்பார், மறுநாள் மறந்திருப்பார். நாலு பேர் முன்னால் சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை. இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், இந்தத் தடவையும் நீ ஒரு உண்மையை நாலு பேர் நிற்கும் இடத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு வருகிறேன்.

கண் விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். போன மாதத்துக்கு முந்தின மாதம், உன் அத்தா ஒரு நாள் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறை தெரிந்துவிட்டது என்று சொல்லி, துஆ ஓதி, பீர்க்கம் விதையை ஊறப் போட்டார். மறுநாள் வேலுச்சாமி வேலியோரம் வந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு என்னிடம் சொன்னார். "அக்கா, நேத்துத்தான அமாவாச. நான் எங்கய்யாவுக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வச்சிட்டு வாரேன், இங்க ராவுத்தரு பெற தெரிஞ்சிருச்சுங்கிறாரு. அவரு கண்ணு கழுகுக் கண்ணுக்கா. பஞ்சாங்கத்துக்கே தெரியாத நெலாவப் பாக்குது." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அன்றைக்கு மாலை நானே பின்வாசலில் நின்று மேற்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த நாள்தான் மலைக்கு மேலே நகத்தால் கீறின மாதிரி மெல்லிசாக ஒன்று தெரிந்தது. இவர் அதற்குள் விதைத்தே முடித்திருந்தார்.

பிறகு பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்தது. வெண்டைக்காயைக் கண்ணால் பார்த்துப் பறிக்காமல் நுனியை ஒடித்துப் பார்த்துப் பறிக்கிறார். வாய்க்காலைத் தாண்டுமுன் காலால் துழாவுகிறார். நாற்றங்காலில் ஒரே வரிசையில் இரண்டு தடவை விதை விழுந்து, பக்கத்து வரிசை மொட்டையாகக் கிடக்கிறது. ஒரு நாள் பேசாமல் அவர் எதிரில் போய் டீ தம்ளரோடு நின்றேன். நான் நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துத் தம்ளரை வைத்தேன். நான் அழுதேன். அவருக்கு அது தெரியாது என்று நினைத்துத்தான் அழுதேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மூக்க உறிஞ்சாத" என்றார்.

இதில் எரிச்சலான விஷயம் என்ன தெரியுமா? அவர் அமாவாசையில் போட்ட அந்தப் பீர்க்கு ஒன்று விடாமல் முளைத்தது. கொடி பந்தல் ஏறிப் பூத்துக் கிடக்கிறது. அது முளைக்காமல் போயிருந்தால் அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். செடி அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. "பாத்தியா, எம்புட்டு வாளிப்பா வந்திருக்கு. பெறையில போட்டது" என்று என்னிடமே சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மேற்கே பார்க்கிறார், வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரிகிறது, இத்தனை வருஷம் அங்கே இருந்த பிறை இன்றைக்கும் அங்கேதான் இருக்கும் என்று மனம் சொல்கிறது, வாய் அதை ஒத்துக்கொள்கிறது. தோட்டத்தில் அது ஒரு பீர்க்கங்கொடியோடு போயிற்று. பள்ளிவாசல் மாடியில் அப்படிப் போகாது.

நோன்புப் பிறை பார்க்கும் அன்றே நடந்திருக்க வேண்டியது. அல்லாஹ் காப்பாற்றினான். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். போகாதீர்கள் என்று சொல்ல நான் என்ன காரணம் சொல்வது? நம் வீட்டுக் கொல்லையில் நின்றால் பள்ளிவாசல் மாடி தெரியும். நின்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவர் நடுவில், சுற்றி எல்லோரும். நல்லவேளை, பன்றிமலையிலிருந்து மேகம் இறங்கி மேற்கு முழுக்க மூடிக்கொண்டது. அப்படியும் ஒருவரும் இறங்கவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருந்தார்கள். அவர் வலது கை கொஞ்சம் மேலே எழுந்தது. அந்தக் கை அப்படியே நெற்றிக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. மேகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இஷா தொழுகைக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து செய்தி வந்து நோன்பு என்று முடிவாயிற்று. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெருநாள் பிறைக்கு மேகம் வர வேண்டும் என்று நான் கேட்க முடியுமா? இது மார்கழி. நாளுக்கு நாள் வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கிறது.

நான் அவரிடம் கேட்காமல் இல்லை. மூன்றாம் நோன்போ நாலாம் நோன்போ, தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். "மதுரையில கண்ணுக்கு ஆபரேசன் பண்றாங்களாம். பொரைய எடுத்துட்டு கண்ணாடி போட்டா ஊசில நூல் கோக்கலாமாம். போய் வருவமே" என்றேன். "யாருக்குக் கண்ணு தெரியல?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒங்களுக்குத்தான். இந்தப் பெருநாப் பெறைக்கு மேல ஏறாதீங்க. காச்சல்னு சொல்லிப் படுத்துருங்க" என்றேன். கையில் இருந்த களைக்கொத்தைத் தூக்கி எறிந்தார். என் மேல் எறியவில்லை. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாதே, அது என் கால் பக்கத்தில் வந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டு அவரே நடுங்கிப்போனார். "பட்டுருச்சா புள்ள? பட்டுருச்சா?" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். படவில்லை என்றேன். நெடுநேரம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சொன்னார்: "நான் மேல ஏறலைன்னா ஏன் ஏறலைனு கேப்பாங்க. ஏறுனா என்ன தெரியுதுனு கேப்பாங்க. ரெண்டுக்கும் எங்கிட்ட பதில் இல்ல. இந்தப் பேச்சு வாசப்படி தாண்டக் கூடாது." தாண்டாது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கொடுத்த வாக்கை உடைப்பது இதுதான் முதல் தடவை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கை நிற்கவில்லை.

அதனால் நீ வர வேண்டும். இருபத்தொன்பதாம் நோன்பு அஸருக்குள் வந்து சேர். முதலாளியிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை. வந்ததும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் கிளம்பும்போது கூடக் கிளம்பு. அந்தப் படிக்கட்டு இருட்டு, முழங்கையைப் பிடித்துக்கொள். கூட்டத்துக்கு அது மகன் பாசமாகத் தெரியட்டும். மேலே போனதும் அவர் வலது பக்கம் நில். அந்தக் கைதான் எழும். எழுவதற்கு முன்னால், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நீ பார்த்ததைச் சொல். தெரிந்தால் எங்கே என்று சொல், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். அவருக்காக இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடாதே. அவர் மனசு நோகக் கூடாது என்று நீ பொய் சொன்னால், நான் எழுதியதற்கே அர்த்தம் இல்லை. அன்றைக்கு நாலு பேர் கேட்கச் சொன்னாயே, அதே மாதிரி உண்மையைத்தான் இன்றைக்கும் சொல்லப் போகிறாய். குரலை மட்டும் இறக்கிக்கொள்.

நீ எதற்கு, வேறு யாராவது ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தக் கூடாதா என்று கேட்பாய். நிறுத்தலாம். அவன் மறுநாள் டீக்கடையில் சொல்லிவிடுவான். அது மட்டும் இல்லை. உனக்கு ஆறு வயசு இருக்கும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தார். ஒருவருக்கும் பிறை தெரியவில்லை. நீ மட்டும் "அத்தா, அந்தா, ஆட்டுக் கொம்பு" என்று கையை நீட்டினாய். சின்னப் பிள்ளை சொல்வது சாட்சிக்கு ஆகாது என்று பெரியவர்கள் சிரித்தார்கள். உன் அத்தா சிரிக்கவில்லை. உன் விரலைத் தன் கண்ணுக்கு நேராக வைத்து, அது காட்டிய வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து என்னிடம், "எனக்கு முன்னாடி அவன் பாத்துட்டான் புள்ள. அவன் கண்ணு என் கண்ணவிட நல்ல கண்ணு" என்றார். அந்த மாதம் விதைத்ததை எல்லாம் உன் பிறையில் போட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேறு ஒருவர் கண்ணை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கை எழுந்து, வானத்தில் ஒன்றும் இல்லை என்றால், நான் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்கே போய், அவருக்குக் கண் தெரியாது என்று சொல்வேன். சத்தமாகச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். இந்த வயசில் அதையும் தாங்கிக்கொள்வேன். ஊர் முழுக்க நோன்பை விட்ட பாவத்தை அவர் ஒருவர் சுமந்துகொண்டு கபுருக்குப் போவதை என்னால் தாங்க முடியாது.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்த வேண்டி வந்துவிட்டது. வாசலில் அவர் செருமும் சத்தம் கேட்டது. தாளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நோன்பு திறக்க எல்லாம் எடுத்து வைத்தேன். பேரீச்சம்பழம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். மஃரிபு தொழுதுவிட்டுப் பின்வாசலில் போய் நின்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெகு நேரம் அப்படியே அண்ணாந்து நின்றவர், திரும்பாமலே கூப்பிட்டார்.

"ஏ புள்ள. செத்த இங்க வா."

போனேன். கையெல்லாம் சாம்பல்.

"முள்ளங்கி வெத வச்சிருக்கேன். நெலா முழுசானப்புறம் போடணும்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, "எனக்கு எண்ணெ பட்ட காயிதம் மாதிரி இருக்கு. நீ பாத்துச் சொல்லு. வட்டமாயிருச்சா, இன்னும் கொற இருக்கா?" என்றார்.

அப்பு, இவருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த மனிதர் யாரிடமும் நிலாவைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊர் அவரிடம் கேட்கும். வேலுச்சாமியின் பஞ்சாங்கத்தையே வேண்டாம் என்றவர். அண்ணாந்து பார்த்தேன். இது தலைப்பிறை இல்லை, மெல்லிய கீற்று இல்லை. நம் பின்வாசலுக்கு நேர் மேலே, தென்னை ஓலையின் நிழல் தரையில் விழும் அளவுக்கு வெளிச்சமாக, முக்கால் வட்டத்துக்கு மேல் நிலா நின்றது. ஒரு பக்கம் மட்டும் இன்னும் நிறையவில்லை.

"இன்னும் கொற இருக்கு" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அந்தக் குறைந்த பக்கத்துக்கு நேராக நீட்டி வைத்தேன். விரல் காட்டிய வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். "சரி, நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, முள்ளங்கி விதைப் பையைத் திரும்பவும் உறியில் கட்டினார்.

நான் சொன்னதை நம்பிவிட்டார். நம் வீட்டுப் பின்வாசலில் அவருக்கு நான் இருக்கிறேன். பள்ளிவாசல் மாடியில் எனக்கு இடம் இல்லை. நீ வா.

உன் அம்மா